"சலித்த மண், ஒரு களைகூட வராது": தெலுக் இந்தான் பக்கம் மண் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

வீட்டுக்குப் பின்னால் கத்தரி, வெண்டை போடலாம் என்று மூன்று மாதத்துக்கு முன் ஒரு லோரி கறுப்பு மண் வாங்கினேன். 380 வெள்ளி. "சலித்த மண்ணே, ஒரு களைகூட வராது" என்றார் கொண்டுவந்தவர். ரசீது கேட்டேன். நாளைக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறேன் என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மண் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொலபொலவென்று, கல் கட்டி எதுவும் இல்லை. அப்பா அப்போது ஈப்போவில் அக்கா வீட்டில் இருந்தார். முப்பது வருஷம் தோட்டத்தில் மருந்துப் பம்பு சுமந்த மனுஷன். வீட்டில் இருந்திருந்தால் லோரியை வாசலோடு திருப்பியிருப்பார்.

ஒரு வாரத்தில் பாத்தி முழுக்கப் பச்சை. வெண்டைதான் முளைக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமை வேறு பேசினேன். மூன்றாவது வாரம் அப்பா வந்தார். ஒரு தூரைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. அடித்தண்டு தட்டையாக, வெள்ளையாக, விசிறி மாதிரி தரையோடு படுத்திருந்தது. "இது சம்பாவ்டா" என்றார். மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்கிற களைப்புல். தாவர நூல்களில் எலூசின் இண்டிகா.

சாக்கடை ஓரத்தில் முற்றி நின்ற கதிர் ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி ஊதினார். உமி பறந்ததும் கருஞ்சிவப்பாகக் கடுகைவிடச் சின்ன மணிகள் தங்கின. உற்றுப் பார்த்தால் மேலெல்லாம் ரேகை ரேகையாக வரி. நாம் கூழ் காய்ச்சும் கேழ்வரகுக்கு இது நெருங்கிய காட்டுச் சொந்தம். கதிரும் அதே விரல் விரித்த வடிவம்தான். ஆனால் கேழ்வரகு அறுக்கும்வரை கதிரிலேயே காத்திருக்கும். இது முற்றியதும் தானே கொட்டிவிடும். நன்றாக வளர்ந்த ஒரு தூர் 50,000 விதைவரை விடும். மணியோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதுதான். எந்தச் சல்லடை அதைப் பிடிக்கும்? கல்லைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். பகலில் சூடு, இரவில் குளிர்ச்சி என்று மாறி மாறி வந்தால் இன்னும் நன்றாக முளைக்கும். எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்துவிட்டால் மேலே வராது. எங்கோ புதைந்து கிடந்ததைத் தோண்டி, சலித்து, என் வீட்டு வெயிலில் பரப்பிக் கொடுத்திருக்கிறார்கள்! போதாததற்கு எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதும் இல்லை. புதிதாய் உதிர்ந்த விதை சில மாதம் உறங்கும். ஒரு தடவை பிடுங்கிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது.

மண் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால் சண்டை போடவில்லை, சிரித்தார். "ஒரு தடவை மருந்தடித்தால் விதையோடு செத்துவிடும்" என்று 150 வெள்ளி வாங்கிக்கொண்டு கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்தார். நானும் கொடுத்தேன், புத்தி. அது இலை வழியாக உள்ளே போகிற மருந்து. மண்ணுக்குள் இருக்கும் விதையை ஒன்றும் செய்யாது. மற்ற புல்லெல்லாம் மஞ்சளாகிக் காய்ந்தது. சம்பாவ் மட்டும் போட்டிக்கு ஆள் இல்லாமல் செழித்தது. கிளைபோசேட்டுக்குச் சாகாத சம்பாவ் 1997இலேயே இதே தெலுக் இந்தானில் கண்டறியப்பட்ட ஒன்று. இந்த ஊரில் மருந்து விற்கிறவருக்கு அது தெரியாது என்றால் நம்ப முடியவில்லை.

மூன்றாவது முறை வந்தபோது கையில் மினரல் தண்ணீர் போத்தல். லேபல் இல்லை, உள்ளே நீலப்பச்சையாக ஏதோ. "இது பழைய ஸ்ட்ராங் மருந்து, 200 வெள்ளி அங்கிள்" என்றார். அப்பா எழுந்துவிட்டார். "தம்பி, பேரக்குழந்தை ஓடுற வீடு. போத்தலை எடுத்துட்டுக் கிளம்பு." அது பாராகுவாட் என்ற பழைய களைக்கொல்லியோ என்னவோ. அதற்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. அந்தப் போத்தலில் இருந்தது எதுவானாலும், லேபல் இல்லாத மருந்தை வீட்டு வாசலில் வாங்காதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். என்னிடம் ரசீதும் இல்லை, அந்த ஆளின் விலாசமும் இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டும். அதுவும் இப்போது எடுப்பதில்லை. நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே ரசீதையும் விலாசத்தையும் வாங்கிவிடுங்கள். முடிந்தால் இரண்டு கைப்பிடி மண் கேட்டு வாங்கி, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஈரம் காயாமல் வெயிலில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். உறங்கும் விதை அதில் தெரியாமல் போகலாம், ஆனால் என் வீட்டுக்கு வந்த மண்ணாக இருந்தால் தட்டே பச்சையாகிவிடும்.

அப்பா இப்போது காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு சின்னச் சாங்குள் மண்வெட்டியோடு பின்பக்கம் போகிறார். கதிர் விரல் விரிப்பதற்குள் வேரோடு எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நேற்று ஒரு வாளி நிறைய எடுத்தார். வெண்டை இரண்டு செடி நிற்கிறது.