அல்சூர்ல மேயர் அங்கி தைச்சுக் குடுத்த டிரெஸ் வாடகைக் கடை

ஃபேன்சி டிரெஸ் வாடகைக்குக் குடுக்கிற கடை பெங்களூர்ல நிறைய இருக்கு, ஆனா எங்க போனாலும் அதே கிருஷ்ணர், அதே ஜான்சி ராணி, அதே போலீஸ், அதே டாக்டர் கோட்டுதான். 2025 நவம்பர்ல குழந்தைகள் தினத்துக்கு என் பையன் ஸ்கூல்ல "ஊருக்கு உழைக்கிறவங்க"ன்னு தலைப்பு குடுத்திருந்தாங்க. ரெண்டாம் கிளாஸ் படிக்கிறான். நான் மேயராத்தான் போவேன்னு ஒரே பிடியா நின்னுட்டான்.

காரணம் எங்க அப்பா. தீபாவளிக்குக் கும்பகோணத்துல இருந்து வந்திருந்தவர் ராத்திரி தூங்க வைக்கிறப்போ ராஜா கதை சொல்றதுக்குப் பதிலா, நம்ம ஊரோட மொத மேயர் ஆட்டோ ஓட்டினவர்டா கண்ணான்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டார். நிஜம்தான். கும்பகோணம் 1866லேர்ந்து நகராட்சி, 2021லதான் மாநகராட்சி ஆச்சு, 2022 பிப்ரவரில 48 வார்டுக்கும் எலெக்‌ஷன் நடந்து, மார்ச் 4ஆம் தேதி காங்கிரஸ் கவுன்சிலர் கே. சரவணன் மேயர் ஆனார். அன்னிக்கு தமிழ்நாட்ல மொத்தம் 21 மாநகராட்சி, அதுல திமுக கூட்டணில காங்கிரசுக்குன்னு ஒதுக்கின ஒரே மேயர் பதவி எங்க ஊரோடதுதான், அதுக்கு அவங்க நிறுத்தினது ஒரு ஆட்டோ டிரைவரை. எங்க அப்பா எந்தக் கட்சியும் இல்ல, ஆனா அந்த மார்ச் மாசம் போன்ல அவர் குரல்ல இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

சரி டிரெஸ். முதல்ல வீட்டுப் பக்கத்துல ஒரு கடைக்குப் போனேன், பேர் வேண்டாம், அங்க மேயர்னு சொன்னதும் கறுப்பு வக்கீல் கவுனை எடுத்து நீட்டி 600 ரூபா சொன்னாங்க, இதுவே போதும் மேடம் யாருக்குத் தெரியப் போகுதுன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவங்க ஒருத்தர் சொல்லித்தான் அல்சூர் போனேன். சோமேஸ்வரர் கோயில் பக்கத்து சந்து, பேர்ப் பலகை கிடையாது, வாசல்ல தொங்கிற அனுமார் வாலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். வண்டியெல்லாம் உள்ள போகாது, மெட்ரோல அல்சூர் ஸ்டேஷன்ல இறங்கி நடந்து போயிடுங்க.

கடைக்காரர் எழுபது வயசுக்கு மேல இருப்பார், அல்சூர்லயே பிறந்து வளர்ந்த தமிழர், அவரும் அவர் வீட்டம்மாவும்தான் கடை. "மேயரா? இன்னாமா, இத்தினி வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்லையே"ன்னார். ஆனா இல்லன்னு அனுப்பல. மொபைல்ல போட்டோ இருந்தா காட்டுன்னு வாங்கி, நம்ம ஊர் மேயருங்க பதவி ஏத்துக்கிற போட்டோவா ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பாத்தார், சிவப்பு அங்கி, கழுத்துல தங்கச் சங்கிலி, கைல வெள்ளிச் செங்கோல். கை எவ்ளோ அகலம், பார்டர் எங்கேர்ந்து எங்க வரைக்கும் போகுதுன்னு அவங்க வீட்டம்மாவுக்கு வாயாலயே அளவு சொல்லிட்டே வந்தார். ஜட்ஜு கவுன் குடுத்து அனுப்பிடலாம்மா, ஆனா நாளைக்கு இந்தக் கொழந்தை பெருசாயி போட்டோ பாத்தா ஜட்ஜுன்னுதானே நெனச்சுக்கும்னார். அந்த இடத்துலயே எனக்கு இந்தக் கடை பிடிச்சுப் போச்சு.

பையன் சும்மா இல்லாம, எங்க மேயர் ஆட்டோ டிரைவர், தாத்தான்னு சொல்லிட்டான். அவர் கத்திரியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தார், நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், அப்டின்னா அங்கியை முன்னாடி மூடக் கூடாதும்மா, தெறந்தாப்பல தைக்கிறேன், உள்ள காக்கிச் சட்டை தெரியணும்னார். ஆட்டோக்காரர் வேஷத்துக்குன்னு வெச்சிருந்த சின்ன சைஸ் காக்கிச் சட்டை ஒண்ணைத் தேடி எடுத்து அவனுக்குப் போட்டுப் பாத்தார், அதுக்குக் காசு வாங்கவே இல்ல. எனக்குத் தோணாத விஷயம் அது. அந்தப் போட்டோவை அனுப்பினதும் எங்க அப்பா பதில் எழுதல, நேரா போன் பண்ணிட்டார்.

தையல் பத்தி சொல்லணும்னா, வெல்வெட் இல்ல, சிவப்பு சாட்டின், ரெண்டு பக்கமும் நல்ல அகலமா ஜரிகை பார்டர், உள்ள லைனிங் வெச்சிருந்தாங்க, அதனால தோள்ல நழுவாம நின்னுச்சு. சங்கிலி பழைய ராஜா வேஷத்தோட மாலைய அறுத்துக் கோத்தது, நடுவுல பித்தளைப் பதக்கம். செங்கோல் மரக் கட்டைல வெள்ளிப் பேப்பர் சுத்தினது, அது மட்டும் சுமார்தான், சாயங்காலத்துக்குள்ள ஓரம் பிரிஞ்சிடுச்சு. நீளம் ரெண்டு இஞ்ச் ஜாஸ்தி, வீட்ல நானே மடிச்சுத் தைச்சேன். ரசகற்பூர வாசனை கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, முந்தின நாளே வாங்கிக் காத்தாட மாட்டிடுங்க.

வாடகை மூணு நாளைக்கு 400, சங்கிலியும் செங்கோலும் சேத்து 150, டெபாசிட் 1000. ஜிபே உண்டு, ஆனா டெபாசிட் மட்டும் கேஷ்.

அங்கி தைக்கிற வரைக்கும் உக்காந்து பேசிட்டு இருந்தோம், அதுல தெரிஞ்சுகிட்டதையும் எழுதிடறேன். அவர் அப்பா காலத்துல பெங்களூர்ல ரெண்டு முனிசிபாலிட்டியாம், பேட்டை பக்கம் ஒண்ணு, அல்சூர் எல்லாம் சேந்த கன்டோன்மென்ட் பக்கம் ஒண்ணு. 1949ல ரெண்டையும் சேத்துதான் கார்ப்பரேஷன் ஆச்சு, மொத மேயர் ஆர். சுப்பண்ணா. இங்க மேயர் இருந்த வரைக்கும் பதவி ஒரே ஒரு வருஷம்தான், வந்து உக்காந்து ஃபைல் புரிஞ்சுக்கறதுக்குள்ள அடுத்தவர் வந்திடுவார்னு கடைக்காரர் வருத்தப்பட்டார். தமிழ்நாட்ல அஞ்சு வருஷம். ரெண்டு இடத்துலயும் கமிஷனர்னு சர்க்கார் அனுப்புற அதிகாரி கைலதான் நிர்வாகம், மேயர் கவுன்சிலை நடத்தறவர், ஆனா தண்ணி வரலன்னா நம்ம தெரு ஆளுங்க போய் நிக்கிறது கவுன்சிலர் வீட்டு வாசல்லயும் மேயர் வாசல்லயும்தான், கமிஷனர் வாசல்ல இல்ல. அதனாலதான் அந்தப் பதவில ஒரு ஆட்டோக்காரர் உக்காந்தது எனக்குப் பெரிய விஷயமா படுது, எந்தச் சந்துல சாக்கடை பொங்கும்னு வண்டி ஓட்டினவருக்குத் தெரியாம இருக்குமா.

பையன் அப்போ கேட்டான், அப்ப நம்ம பெங்களூர் மேயர் யாரும்மான்னு. கடைல மூணு பெரியவங்க இருந்தோம், பதில் சொல்ல முடியல. கடைசி மேயர் கௌதம் குமார், 2020 செப்டம்பர் 10ஆம் தேதியோட கவுன்சில் காலம் முடிஞ்சுது, அப்போ இவனுக்கு ரெண்டு வயசு. அதுக்கப்புறம் 198 வார்டுக்கும் எலெக்‌ஷனே வைக்கல, அதிகாரிங்க ஆட்சிதான். 2025 செப்டம்பர்ல நகரத்தை அஞ்சு மாநகராட்சியாப் பிரிச்சிருக்காங்க, அஞ்சு மேயர் வரணும், நவம்பர் வரைக்கும் ஒருத்தரும் வரல. பக்கத்துல 40 கிலோமீட்டர்ல இருக்கிற ஓசூர் 2019லதான் மாநகராட்சி ஆச்சு, 45 வார்டுதான், அங்க மேயர் இருக்கார். இவ்ளோ பெரிய ஊர்ல வளர்ற குழந்தை மேயர்னு ஒருத்தரைப் பாத்ததே இல்லைங்கிறது எனக்கு ரொம்ப வலிச்சுது.

ஃபங்ஷன்ல பேச ஒரு நிமிஷம் குடுத்தாங்க. "நான் கும்பகோணம் மேயர், நான் ஆட்டோ ஓட்டுவேன், உங்க தெருவுல லைட் எரியலன்னா என்கிட்ட சொல்லுங்க"ன்னு தமிழ்ல ஆரம்பிச்சு இங்கிலீஷ்ல முடிச்சான். பெங்களூர் மேயர் யாருன்னு மிஸ் கேட்டதுக்கு, இப்ப இல்ல மிஸ், எலெக்‌ஷன் வெச்சா வருவாங்கன்னான்.

திருப்பிக் குடுக்கப் போனப்போ கடைக்காரர் போட்டோவைக் கேட்டு வாங்கி அவர் மொபைல்ல ஏத்திகிட்டார், அங்கியை பரண்ல போடாம போலீஸ் டிரெஸ்ஸுக்கும் டாக்டர் கோட்டுக்கும் நடுவுல முன்னாடியே மாட்டிட்டார். ஆறேழு வயசுப் பசங்களுக்கு சரியா இருக்கும், வேணும்னா அல்சூர் போய் மேயர் டிரெஸ்னு கேளுங்க, காக்கிச் சட்டையும் சேத்துக் கேளுங்க. புதுசா தைக்கணும்னா ஒரு வாரம் முன்னாடி போங்க, ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல கடை இல்ல, டெபாசிட்டுக்குத் துண்டுச் சீட்டுதான் எழுதித் தர்றாங்க, அதைத் தொலைச்சிடாதீங்க.