கொலனோஸ்கோபி மருந்து: முதல்நாளே முழுவதுமா, இரண்டாகப் பிரித்தா?

கொலனோஸ்கோபியில், அதாவது கமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையில், குடலைக் கழுவும் மருந்தைக் குடிப்பதுதான் கஷ்டமான பகுதி. பரிசோதனை பெரும்பாலும் அரை மணி நேரம்தான், அதுவும் மயக்க மருந்தோடு.

முதல்நாள் மாலையிலேயே முழுவதையும் குடித்தால் காலையில் அலைச்சல் இல்லை. ஆனால் ஒரே மூச்சில் இரண்டு முதல் நான்கு லீற்றர் குடிப்பது குமட்டும். இரவில் சிறுகுடலில் இருந்து வடியும் திரவம் பெருங்குடலின் வலப்பக்கச் சுவரில் மறுபடி படியும், சிறிய கட்டிகள் அதில் மறைந்து போகலாம்.

பாதியை மாலையிலும், மீதியை பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் நன்றாகவே சுத்தமாகும், குடிப்பதும் இலகு. கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீரும் கூடாது.

பரிசோதனை திருகோணமலையில் என்றால், பக்கத்தில் உப்புவெளியில் இருப்பவருக்கு இது சரி. மூதூரில் இருந்து விடிய பஸ் ஏறுபவருக்கு? வழியில் வயிறு கலக்கினால் பாவம்தான். அப்படியானால் முதல்நாளே திருகோணமலை டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். பிரித்துக் குடிப்பதை மட்டும் விட வேண்டாம்.

எப்படிக் குடித்தாலும் முதல்நாள் குரக்கன், கீரை வேண்டாம். பிளேன்டீ குடிக்கலாம், சிவப்பு நிறப் பானங்கள் ஆகாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் டொக்டரிடம் முன்பே கேளுங்கள். திரும்பும்போது கூட ஒருவர் கட்டாயம் வேண்டும்.