ஏ2 கட்டிங் மேட்: வாடகை அறையில் தங்கிப் படிக்கிற டிசைன் மாணவருக்கு

கிராஃபிக் டிசைன் படிக்க வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் லேப்டாப்பைப் பற்றித்தான். எந்த மாடல், எவ்வளவு ரேம், திரை எத்தனை அங்குலம்? மேசைமேல் விரித்து, அதன்மேல் தாளை வைத்துக் கத்தியால் வெட்டுகிற தட்டையான விரிப்பான கட்டிங் மேட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் அது எங்கோ அடியில் ஒரு வரியாக இருக்கும். முதல் மாதம், வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் காசு போன கையோடு கடைக்குப் போனால் ஏ3 அளவை எடுத்துக்கொண்டு வரத்தான் தோன்றும். ஏ2 ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது, விலையும் அதற்கேற்ப ஏறும். இருந்தாலும் ஏ2தான் வாங்க வேண்டும் என்கிறேன். காரணம் பிளீட்.

தாளின் ஓரம் வரை நிறம் ஓட வேண்டுமென்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக அச்சடித்து, பிறகு வெட்டியெடுக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் பிளீட். ஒரு ஏ3 போஸ்டர் 297க்கு 420 மி.மீ. பிளீடும், எங்கே வெட்ட வேண்டும் என்று மூலைகளில் காட்டுகிற கிராப் மார்க் கோடுகளும் சேர்த்து அதை அச்சடிக்க எஸ்ஆர்ஏ3 தாள் தேவை, அது 320க்கு 450. கடையில் ஏ3 என்று விற்கிற மேட் பெரும்பாலும் 300க்கு 450தான். ஆக, தாள் மேட்டைவிட அகலம். நடுவில் வைத்தால் நீளவாக்கில் வெட்ட வேண்டிய கோடு மேட்டின் விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தூரத்தில் விழும், கிராப் மார்க் மேட்டுக்கு வெளியே தொங்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் தாளை நகர்த்தி நகர்த்திச் சமாளிக்கலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டிய ஆறு போஸ்டர்களை நள்ளிரவில் அப்படி நகர்த்திக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஏ2 மேட் 450க்கு 600. தாள் முழுதாகப் படுக்கும், ஸ்டீல் ஸ்கேலின் இரண்டு முனைக்கும் அடியில் தளம் இருக்கும், கை ஊன்றவும் இடம் இருக்கும்.

ஸ்டூடியோவிலேயே வெட்டிவிட்டு வரலாமே என்பீர்கள். கல்லூரியில் மேட்டுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் அவற்றில் பாதி சொரசொரத்துப் போனவை. அதைவிட, பகுதிநேர வேலை முடிந்து வரும்போது ஸ்டூடியோவைப் பூட்டியிருப்பார்கள். பெருநகரத்தில் நம் காசுக்குக் கிடைக்கிற அறையில் ஒரே ஒரு மேசை. படிப்பது, சாப்பிடுவது, துணி மடிப்பது எல்லாம் அதன்மேல்தான், அதுவும் வீட்டுக்காரருடைய மேசை. ஒரு கீறல் விழுந்தாலும் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். மேட்டை விரித்தால் அந்தப் பயம் போய்விடும். சத்தமும் வராது, பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்ட மாட்டார். இரவு நேரத்தில் வீடியோ காலில் வருகிற அம்மாதான், "இன்னும் பேப்பர் வெட்டிக்கிட்டா இருக்க? இதுக்காடா அவ்வளவு தூரம் போன?" என்று கேட்பார்.

மேட்டில் விழுகிற வெட்டு தானாக மூடிக்கொள்ளும் என்று அதன் உறையில் போட்டிருப்பதைப் பலர் நம்புவதில்லை. உண்மைதான், ஓர் எல்லைவரை. மேலேயும் கீழேயும் மென்மையான வினைல், நடுவில் கெட்டியான ஓர் அடுக்கு. மெல்லிய பிளேடு நேராக இறங்கும்போது வினைலைப் பிளந்து ஒதுக்குகிறதே தவிர, எதையும் சுரண்டி எடுப்பதில்லை. பிளேடு போனதும் இரண்டு பக்கமும் திரும்பச் சேர்ந்துகொள்ளும். ஆகவே சாய்த்து வெட்டாதீர்கள். படைப்பை ஒட்டிவைக்கிற கெட்டி அட்டையான மௌன்ட் போர்டுக்குச் சரிவாக விளிம்பு எடுக்கிறேன் என்று பிளேடைச் சாய்த்தால் வினைல் சீவலாகக் கிளம்பிவிடும், அந்தப் பள்ளம் பிறகு மூடவே மூடாது. அடுத்த முறை நேர்கோடு வெட்டும்போது பிளேடு முனை அதற்குள் போய் விழும். இன்னொன்று, கனத்த அட்டையை வெட்டினால் அதன் நார் பிளவுக்குள் சிக்கிக்கொண்டு மூடவிடாது. மென்மையான அழிரப்பரால் தேய்த்தால் நார் திரண்டு வெளியே வந்துவிடும்.

சூடுதான் இதற்கு எமன். என் ரூம்மேட் ஒருநாள் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக இதன்மேல் வைத்துவிட்டான். வட்டமாக ஒரு மேடு எழும்பிவிட்டது, இன்றுவரை இறங்கவில்லை. ஏ2 ஆக இருந்ததால் அந்த மூலையை விட்டுவிட்டு மிச்சத்தில் ஏ4 வேலை நடக்கிறது. ஜன்னலோரம் வெயிலில் விட்டாலும், சுவரில் சாய்த்து மாதக்கணக்கில் நிறுத்தினாலும் வளையும். கட்டிலுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள்.

மேட்டில் அச்சிட்டிருக்கிற கட்டங்களை நம்பி அளக்கக் கூடாது. கோடு நேராக இருக்கிறதா என்று கண்ணால் ஒப்பிட மட்டும்தான் அவை உதவும். அளவுக்கு ஸ்டீல் ஸ்கேல்.

மேட்டின் பச்சை நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணுக்கு இதம் என்பதெல்லாம் சரி, ஆனால் பச்சைக்கு மேல் போஸ்டரை வைத்துக்கொண்டு நிறம் சரியா என்று பார்க்காதீர்கள். பச்சைப் பின்னணியில் சிவப்பும் இளஞ்சிவப்பும் இருப்பதைவிடத் தூக்கலாகத் தெரியும். அறையில் எரிகிற மஞ்சள் பல்பும் தன் பங்குக்கு ஏமாற்றும். அச்சுத்துறையில் நிறம் பார்க்க, பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் வெளிச்சம் என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள், வாடகை அறையில் அதற்கு எங்கே போவது? பகலில் ஜன்னல் பக்கம், ஒரு சாம்பல் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாம்பலாக இருக்கிற மேட் கிடைத்தால் அதையே வாங்கலாம், நான் வாங்கியபோது இது தோன்றவில்லை.

நல்ல மேட் இருந்தும் கத்தி மொண்ணையாக இருந்தால் பயனில்லை. முனையை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்துகிற 9 மி.மீ. கட்டரே தாளுக்குப் போதும். 1956இல் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா கண்டுபிடித்தது அது. சாக்லேட் கட்டியை ஒடிப்பதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். தாள் வெட்டுகிறவர் தாள் வெட்டுகிறவர்களுக்காகச் செய்த சாமான், அது கையில் பிடிக்கும்போதே தெரியும். ஒடிப்பதற்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். எழுத்துருவைச் செதுக்கி எடுப்பது போன்ற நுணுக்க வேலைக்கு 3ஆம் எண் பிடியில் 10ஏ பிளேடு போட்ட ஸ்கால்பெல், அதாவது அறுவைக் கத்தி. இவற்றை ஊரிலிருந்தே கொண்டுபோவதானால் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஸ்கேலை எப்போதும் படைப்பின்மேல் வைத்து, கழிவுப் பக்கம் பிளேடு ஓடுகிறாற்போல் பிடியுங்கள். கை சறுக்கினால் போவது கழிவோடு போகும். ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் லேசாக மூன்று நான்கு முறை ஓட்டினால் விளிம்பு பிசிறு தட்டாது. சிறு புத்தகம் செய்கிறவர்கள் மடித்து நடுவில் பின் அடித்த பிறகுதான் முன்விளிம்பை வெட்ட வேண்டும். உள்பக்கங்கள் துருத்திக்கொண்டு நிற்கும், முன்கூட்டியே தனித்தனியாக வெட்டினால் ஒன்றுக்கொன்று சேராது.

குறை என்றால் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, அதுதான் பெரிய குறை. ஏ2 கோப்புப்பை வைத்திருக்கிறோமே என்று நினைக்காதீர்கள். ஏ2 தாளின் அகலம் 420, மேட் 450. கடைக்கு அந்தப் பையை எடுத்துப்போய் நுழைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காலை நெரிசலில் மெட்ரோவில் இதோடு ஏறினால் நான்கு பேர் முறைப்பார்கள், சுருட்டினால் வளைவு நிற்கும். என்னுடையது அறையைவிட்டு வெளியே போவதே இல்லை.

செயலி வடிவமைப்பு, மோஷன் (அசையும் காட்சி) என்று திரைக்கு மட்டும் வேலை செய்யப் போகிறவர்களுக்கு இது வேண்டாம், ஏ4 மேட் தாராளம். மற்றவர்கள் புதிதாக வாங்கும்முன் கல்வியாண்டு முடிகிற சமயத்தில் சீனியர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் இதைப் பெட்டியில் திணிக்க முடியாமல் வந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். கீறல் இருந்தால் பரவாயில்லை. தரையில் படுக்கப் போட்டு, ஒரு பக்கமாக டார்ச் அடித்துப் பாருங்கள். மூலை தூக்கிக்கொண்டிருந்தாலோ நடுவில் மேடு தெரிந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.