காதால் பிழைப்பவர்களுக்கு ஏற்ற அகராதி

அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் செய்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே முதல் வரைவை அடித்துவிடுகிறது, நாங்கள் திருத்துகிறோம். போன மாதம் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு வரைவைக் காட்டிச் சிரித்தாள். பக்கவாத நோயாளிக்கு வாயின் இடது ஓரத்தில் எச்சில் வடிகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது ‘டிரூலிங்’. மென்பொருள் ‘டிராலிங்’ என்று அடித்து வைத்திருந்தது. சரி, டிரால் என்றால் என்ன? அவள் காசு கொடுத்து வாங்கிய ஆங்கிலம்–தமிழ் ஆப் ‘மெதுவாகப் பேசு’ என்று இரண்டே சொல்லில் கதையை முடித்துக்கொண்டது.

இந்த மாதிரி நேரத்தில் நான் திறப்பது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் இணையதளம். இலவசம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே எழுதியது. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஏ.எஸ். ஹார்ன்பியும் கூட்டாளிகளும் தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் அச்சானது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. பத்தாம் பதிப்பு 2020-இல் வந்தது.

அதில் டிராலுக்கு, உயிரொலிகளை வழக்கத்தைவிட நீட்டி மெதுவாகப் பேசுவது என்று பொருள் போட்டிருக்கிறார்கள். அந்த உயிரொலிதான் விஷயமே. யோசித்து நிறுத்திப் பேசும் வக்கீலும் மெதுவாகத்தான் பேசுகிறார். அவர் டிரால் செய்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் போதாது, சொல்லுக்குள்ளேயே இழுக்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் குட்டி இலக்கணக் குறிப்பு. செயப்படுபொருளோடும் வரும், இல்லாமலும் வரும். ஒருவர் பேசியதை மேற்கோளுக்குள் போட்டுவிட்டுப் பின்னாலேயே ‘ஹி டிரால்டு’ என்றும் எழுதலாம். ஆங்கில நாவல்களில் இந்தச் சொல் பெரும்பாலும் அப்படித்தான் தலைகாட்டும். கூடவே சோம்பலோ அலட்சியமோ, கொஞ்சம் பெரிய இடத்துத் திமிரோ ஒட்டிக்கொண்டு வரும். ‘டெக்சஸ் டிரால்’ என்று பெயர்ச்சொல்லாக வரும்போது அந்தக் குத்தல் அவ்வளவாக இருக்காது.

‘ஸ்லர்’ வேறு. அது நாக்கு குழறுவது, பக்கவாதம் வந்தவருக்கும் குடித்தவருக்கும் சொல்வது. எங்கள் ரிப்போர்ட்டில் ஸ்லர் என்பது நோயின் அறிகுறி. டிரால் என்றால் ஆள் வளர்ந்த ஊரின் வாசனை, அவ்வளவுதான். மாற்றிப் போட்டால் திடகாத்திரமான டெக்சஸ்காரர் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

சொல் பிறந்த கதைக்கு மட்டும் மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியையும் எட்டிப் பார்ப்பேன். ஆக்ஸ்ஃபோர்டு, தாமதி என்று பொருள்படும் ‘டிராலென்’ என்ற டச்சுச் சொல்லின் பக்கம் கை காட்டுகிறது. வெப்ஸ்டரோ இழு என்ற பொருளுள்ள ‘டிரா’விலிருந்தே வந்திருக்கலாம் என்கிறது. நாமும் ‘இழுத்து இழுத்துப் பேசுறான்’ என்றுதானே சொல்கிறோம்? என் ஓட்டு வெப்ஸ்டருக்கு. ஆதாரமெல்லாம் கேட்காதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு தளத்தில் சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம் இரண்டு இருக்கும்: நீலம் பிரிட்டிஷ் உச்சரிப்பு, சிவப்பு அமெரிக்க உச்சரிப்பு. இரண்டும் சொல்லைச் சொல்லிக் காட்டும். இழுத்துப் பேசினால் எப்படி இருக்கும் என்று பேசிக் காட்டாது. அகராதியிடம் அதையும் கேட்பது கொஞ்சம் பேராசைதான். அதற்கு அமெரிக்கத் தென்மாநில டாக்டர்களின் ஆடியோவே வாத்தியார். ‘டைம்’ அங்கே ‘டாம்’ ஆகிவிடும். ‘பெட்’ இரண்டு அசையாகி ‘பே-யட்’ என்று நீளும். பேனா என்னும் ‘பென்’னும் குண்டூசி என்னும் ‘பின்’னும் ஒரே சொல்லாகக் கேட்கும். எங்கள் தொழிலில் இடைவெளியும் சேர்த்து 65 எழுத்தை ஒரு வரி என்று கணக்கிட்டு, வரிக்குத்தான் காசு. அதனால் இழுப்பவர் வந்தால் ஆடியோ வேகத்தைக் கூட்டி வைப்போம். வேகம் கூடுமே தவிர ‘டாம்’ ‘டைம்’ ஆகாது.

புதிதாகச் சேருபவர்களுக்கு: நோய்ப் பெயர், ஆபரேஷன் பெயருக்கு இந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை நம்பாதீர்கள், அதற்கு ஸ்டெட்மன் மாதிரி மருத்துவ அகராதி தனியாக வேண்டும். மற்றதற்கெல்லாம் இதுவே போதும். புத்தகமாகவும் கிடைக்கிறது. ஆனால் தாளில் அந்தச் சிவப்பு ஒலிபெருக்கி பேசாது. நம் வேலைக்கு அது பேசியாக வேண்டும்.