தகரத்தில் குறையில்லை, கோபமெல்லாம் திருகாணி மேல்தான்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் எனப்படும் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூரை ஓடுகளை இறக்கிவிட்டு வண்ணத் தகரம் போட்டது 2013-இல். போன வாரம்தான் பெரிய பழுதுபார்ப்பு ஒன்று முடிந்தது. அதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "நானும் ஓடுகளை மாற்றித் தகரம் போட்டுவிடலாமா? கூரை கெட்டுப்போவதை ஒழுகுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?" என்று கேட்டிருந்தார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நிறையவே பதில் இருக்கிறது. முதல் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுவோம். தகரத்தின் மீது ஒரு குறையும் இல்லை. வண்ணம் சற்று வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டுக் காலத்தில் முகட்டு ஓடுகளுக்கு அடியில் பூசிய சிமெண்டு வெடித்துக் கிடக்கும், இடுக்குகளில் மைனா கூடு கட்டும், நிழல் விழும் பக்கமெல்லாம் பாசி படரும். அந்தத் தொல்லைகள் அத்தனையும் ஒரே நாளில் ஒழிந்தன. என் கோபமெல்லாம் தகரத்தைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் திருகாணியின் மேல். இன்னும் சரியாகச் சொன்னால், அதன் தலைக்கு அடியில், தண்ணீர் இறங்காமல் அடைக்கும் கறுப்பு ரப்பர் வாஷரின் மேல்.

கூரைக்காரர் கழற்றிய பழைய திருகாணிகளை ஒரு பெயிண்டு வாளியில் போட்டுக் கீழே இறக்கினார். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக இருந்த ரப்பர் சாம்பல் பூத்திருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. வளைத்தபோது சுற்றிலும் மெல்லிய கோடுகள் விட்டு, இரண்டாக முறிந்து கையில் விழுந்தது. இன்னொன்றை முதல்நாளே அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் பிதுங்கி வெளியே வந்து அப்படியே காய்ந்திருந்தது. மற்றொன்று சாய்வாக இறங்கியிருந்ததால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பிறைபோல் ஆகியிருந்தது. விலைமதிப்புள்ள கூரையின் மானம் சில காசு பெறாத இந்த வளையத்தில் தொங்குகிறது என்பதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. எந்தத் தகரம், என்ன கனம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பக்கம் பக்கமாகக் காகிதம் கொடுத்தார்கள். வாஷரைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதற்கு வரும் சோதனையும் கொஞ்சமல்ல. நண்பகலில் கை வைக்க முடியாதபடி சுட்டுக் கிடக்கும் தகரத்தின் மேல் மூன்று மணிக்கு மழை கொட்டுகிறது. சில நிமிடங்களில் குளிர்ந்துவிடுகிறது. ஆறு மீட்டர் நீள இரும்புத் தகடு நாற்பது டிகிரி சூடு மாறினால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். மழை தொடங்கும்போது கூரை டக் டக்கென்று முனகுவது அதனால்தான். தகரம் அசைய, திருகாணி அசையாமல் நிற்க, தகரத்தில் அது இறங்கிய துளை நாளடைவில் நீள்வட்டமாகிறது. நடுவில் கிடந்து அரைபடுவது அந்த ரப்பர்.

இனி அறிகுறிகளுக்கு வருகிறேன். நம் ஊரில் பெரிய குழப்பம், எல்லாமே ஈரமாக இருப்பதுதான். அலமாரியில் தொங்கும் தோல் இடைவாருக்கும் பூசணம் பிடிக்கிறது. அதை வைத்துக் கூரையைச் சந்தேகித்தால் மாதம் ஒருமுறை ஆள் கூப்பிட வேண்டியிருக்கும். அதனால் பூசண வாசம் மட்டும் போதாது. ஒரே அறையில், ஒரே மூலையில், மற்ற அறைகளில் இல்லாத வாசமாக இருந்தால் மட்டுமே மேலே பாருங்கள்.

இன்னொரு குழப்பம் பனி. துணி துவைக்கும் இடத்துக்கு மேலே மட்டும் தகரத்துக்கு அடியில் பஞ்சும் அலுமினியத் தாளும் போடவில்லை. மேகமில்லாத இரவில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. இவ்வளவு ஈரப்பதத்தில் ஓரிரு டிகிரி இறங்கினாலே போதும், அடிப்பக்கம் முழுக்க வியர்த்து விடியற்காலையில் சொட்டத் தொடங்கிவிடும். மழையே இல்லாமல் ஒழுகுகிறது என்று அம்மா பதறியது இதைப் பார்த்துத்தான். பனி பரவலாகச் சொட்டும், வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். ஒழுக்கு ஒரே இடத்தில் வரும், மழை நின்ற பிறகும் சற்று நேரம் நீடிக்கும்.

எந்த மழைக்கு ஒழுகுகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. காற்றோடு சாய்ந்தடிக்கும் மழைக்கு மட்டும் என்றால், சுவரும் தகரமும் சேரும் இடத்தில் மடித்துப் போட்ட பட்டையைப் பாருங்கள். நேராகப் பெய்யும் சாதாரண மழைக்கே என்றால் திருகாணியைச் சந்தேகியுங்கள். அரைமணி நேரம் கொட்டித் தீர்த்த பிறகுதான் என்றால், பெரும்பாலும் கூரையோரத் தண்ணீர்க் கால்வாய் அடைத்து நிரம்பி உள்பக்கம் வழிகிறது. எங்கள் வீட்டில் அதை அடைப்பது பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்து இலை. அது மக்கித் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு வேறு முட்டையிடும். டிங்கிக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாக ஆகும்.

சிலிங்கில் கறை தெரிந்தால், பென்சிலால் அதன் விளிம்பைச் சுற்றி வரைந்து தேதி எழுதிவையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கோட்டைத் தாண்டியிருந்தால் ஒழுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. கறைக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். எங்கள் கூடத்தில் கறை, ஓட்டையோ சமையலறைப் பக்கம். தண்ணீர் சட்டத்தின் வழியே நடந்து வந்து ஒரு மூட்டில் இறங்கியிருக்கிறது. பிறகு, கூரை விளிம்புப் பலகையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். பெயிண்டு அழகாக இருக்கும், திருப்புளி உள்ளே போய்விடும். ஈரம் கண்ட மரத்தைக் கரையானும் விடாது.

முன்பு ஒருமுறை வந்தவர் வாஷர்களை மாற்றாமல் திருகாணித் தலைகளின் மேல் சிலிக்கன் பூசிவிட்டுப் போனார். வேலை நடந்தபோது வீடெங்கும் வினிகர் வாசம். அந்த வாசமுள்ள சிலிக்கன் காயும்போது அமிலத்தை வெளியிடும். துத்தநாகப் பூச்சை அது அரிக்கும். ஒழுக்கு சில மாதங்கள் நின்றது, பிறகு பூசிய இடங்களைச் சுற்றியே துரு. தகரத்துக்கு ஏற்ற, அந்த வாசமில்லாத வகை கடையில் பக்கத்திலேயே இருக்கும். அந்த வெயிலில் மேலே ஏறி நின்ற மனிதரைத் திட்ட மனம் வரவில்லை. பணம் வாங்கியபோது பத்தாண்டு தாங்கும் என்று சொன்னாரே, அதைத்தான் மறக்க முடியவில்லை. இந்த முறை வந்தவர் துருவைச் சுரண்டி, சற்றுத் தடித்த திருகாணிகளைப் புது வாஷரோடு இறக்கினார். அறுத்த இரும்புத் தூளையும் துடைப்பத்தால் கூட்டிவிட்டுத்தான் இறங்கினார். அதை விட்டுப்போனால் அடுத்த மழையிலேயே பழுப்புப் புள்ளிகளாகத் துருவேறும்.

எதிர்பாராத நன்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெருமழையில் தொலைக்காட்சி கேட்காது, தொலைபேசியில் பேச முடியாது, நான் எரிச்சலாவேன். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், தகரத்துக்கு அடியில் பிறந்து வளர்ந்த அம்மாவோ, ஓட்டு வீட்டில் இருந்த காலத்தில் தூக்கம் வராமல் புரண்டவர், இப்போது மழை வந்தால் பகலிலேயே குறட்டை விடுகிறார்.

ஆக, தகரம் நல்லது, வீடு கனம் குறைந்தது, பாசி இல்லை, அம்மா தூங்குகிறார். இத்தனைக்கும் பிறகு நண்பருக்கு என் பதில்: வேண்டாம். உங்கள் ஓடு உடையாமல் இருந்தால் முகட்டுச் சிமெண்டை மட்டும் புதிதாகப் பூசிக்கொண்டு பேசாமல் இருங்கள். அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. உங்கள் பின்கட்டில் இருக்கும் பழைய சாம்பல் நிறத் தகடு அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைத் தேய்த்துக் கழுவவோ, துளையிடவோ, உடைக்கவோ வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் வந்து முழுசாக இறக்கட்டும். எதைச் செய்வதானாலும் மார்ச்சிலேயே ஆளைச் சொல்லிவையுங்கள். ஏப்ரலில் மாலை மழை பிடித்துக்கொண்டால், இந்த ஊரில் எந்தக் கூரைக்காரரும் தொலைபேசியை எடுப்பதில்லை.