3.5-ஆ, 10-ஆ? ஸ்கேன் புரோபில் எந்த எண் எதற்கு

அல்ட்ராசவுண்ட் மெஷினில், உடம்பில் வைத்து ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கைப்பிடிக் கருவியான புரோப் பெரும்பாலும் இரண்டாவது தொங்கும். முகப்பு வளைந்த ‘கர்வ்டு’ ஒன்று. அது அனுப்பும் ஒலியின் அதிர்வெண் சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். முகப்பு தட்டையான ‘லீனியர்’ இன்னொன்று. 7-இல் தொடங்கி 12, 15 வரை போகும். எண் கூடினால் படம் கூர்மையாகும் என்பது உண்மைதான். அப்படியானால் வயிற்றையும் 10-ஐ வைத்தே பார்த்துவிடலாமே என்று புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

முதலில் கூர்மை. மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டுதான் மெஷின் தூரத்தை அளக்கிறது. வேகம் திசுவின் கையில். அதிர்வெண் புரோபின் கையில். ஒன்றை மற்றதால் வகுத்தால் அலைநீளம்: 3.5-க்கு 0.44 மில்லிமீட்டர், 10-க்கு 0.15. புரோப் ஒரு முறை அனுப்பும் ஒலித் துடிப்பில் மூன்று அலைகள் என்று வைத்தால், அதன் மொத்த நீளத்தில் பாதிதான் மேலும் கீழுமாக இருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் எல்லை. 3.5-இல் இது சுமார் 0.66 மில்லிமீட்டர், 10-இல் 0.23. தைராய்டு கட்டிக்குள் இருக்கும் பொடிச் சுண்ணாம்புத் துகள்களைத் தேடும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இனி ஆழம். போட்டியே இங்கேதான். தூரத்து இடி உறுமும், பக்கத்தில் விழுந்தால் படீரென்று வெடிக்கும். வழியிலேயே கீச்சொலிகள் கரைந்துபோவது அதற்கு ஒரு காரணம். உடம்பிலும் அதே கதைதான். மென்திசுவில் ஒரு சென்டிமீட்டருக்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, சராசரியாக 0.5 டெசிபல் போய்விடும் (10 டெசிபல் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்). 15 சென்டிமீட்டர் ஆழம் என்றால் போக வர 30. 3.5 மெகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 52 டெசிபல்: அனுப்பியதில் ஒன்றே முக்கால் லட்சத்தில் ஒரு பங்கு மிஞ்சும். நல்ல மெஷின் இதைப் பெருக்கிப் படமாக்கிவிடும். 10 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 150 டெசிபல். அதாவது பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. எதிரொலிக்கும்போது ஏற்படும் இழப்பை இதில் சேர்க்கவே இல்லை. அதற்குப் பிறகு கெயினை, அதாவது மெஷின் பெருக்கும் அளவை, எவ்வளவு ஏற்றினாலும் திரையில் இரைச்சல்தான் வெளுக்கும்.

அதே 10-ஐக் கழுத்தில் வையுங்கள். 3 சென்டிமீட்டர் ஆழம், போக வர 6, இழப்பு வெறும் 30 டெசிபல். அங்கே கர்வ்டு புரோபை எடுப்பதுதான் வீண்.

சில விஷயங்களில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப இரண்டுக்கும் 13 மைக்ரோநொடிதான். காற்று குறுக்கிட்டால் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி அடித்துவிடும். எண்ணை மாற்றிப் பயனில்லை, ஜெல் தடவித்தான் ஆக வேண்டும்.

பித்தப்பையில் பொடிக்கல் என்றால் கதை சுவாரசியமாகிறது. கல்லுக்குப் பின்னால் கறுப்பு நிழல் விழ வேண்டும் என்று பாடத்தில் படிக்கிறோம். ஆனால் ஒலிக்கற்றை கல்லைவிட அகலமாக இருந்தால், இருபுறமும் வழிந்துபோகும் ஒலி நிழலை நிரப்பிவிடும். கல் தெரியும், நிழல் தெரியாது. கல்லா, சுவரில் முளைத்த சதை வளர்ச்சியான பாலிப்பா என்று குழப்பம். ஃபோகஸைக் கல்லின் ஆழத்துக்குக் கொண்டுவந்து, அதிர்வெண்ணை ஒரு படி ஏற்றினால் கற்றை ஒடுங்கும். பல நேரம் நிழல் விழுந்துவிடும். ஒல்லியான ஆளென்றால் லீனியரையே வைத்துப் பார்க்கலாம்.

ஆழத்தைக் கொடுக்கப்பட்ட ஒன்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. குடல்வாலைப் பார்க்கும்போது லீனியர் புரோபால் மெல்ல மெல்ல அழுத்துகிறார்களே, அந்த அழுத்தம் குடல் காற்றை ஒதுக்குகிறது, குடல்வாலையும் புரோபுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. கர்ப்பப்பையை உள்வழி புரோபால் பார்ப்பதும் இதே தந்திரம்தான். வயிற்றுச் சுவரைத் தவிர்த்துவிட்டால் 5 முதல் 9 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நடுவழி ஒன்றும் உண்டு: ஹார்மோனிக். 2 மெகாஹெர்ட்ஸில் அனுப்பி, திசுவுக்குள் அலை உருமாறிப் பிறக்கும் 4-ஐக் கேட்பது. தோலுக்கு அடியிலேயே எழும் தேவையற்ற எதிரொலிகள் இதில் குறைவு. பருத்த உடம்பில் என் முதல் விருப்பம் இந்த பட்டன்தான். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரில் பொதுவாக எண்ணைக் குறைப்பதே நல்லது. ரத்த அணுக்களின் எதிரொலி ஏற்கெனவே பலவீனம், மேலும் அதிவேக ஓட்டம் தலைகீழாகத் தெரியும் அலியாசிங் தொல்லையும் குறையும்.

ஆக, என் கட்சி இது: பார்க்க வேண்டிய ஆழத்தை எட்டுகிற புரோப்களில் எண் எதற்கு அதிகமோ, அதை எடுங்கள். உறுப்பின் பெயரை வைத்து எடுக்காதீர்கள். கல்லீரல் தழும்பேறும் சிரோசிஸ் சந்தேகம் என்றால் கல்லீரலின் உட்புறத்தையும் ரத்தக் குழாய்களையும் கர்வ்டில் பார்த்துவிட்டு, மேற்பரப்பு வழவழப்பா, முண்டும் முடிச்சுமா என்று பார்க்க லீனியருக்கு மாறுங்கள். அந்த மேற்பரப்பு பெரும்பாலும் தோலிலிருந்து சில சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது.