கண்மாய்க் கரைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் எந்தக் கேமரா?

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேமராக்களுக்கு நடுவே தடுமாறுகிறார்கள். ஒன்று, லென்ஸைக் கழற்ற முடியாத நிக்கான் பி950. இரண்டாவது, சிக்மா 150-600 கன்டெம்பரரி லென்ஸும் அதைத் தாங்குகிற ஒரு கேமராவும். மூன்றாவது, கேனான் ஆர்50-இல் மாட்டிய ஆர்எஃப் 100-400. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் கண்மாய், ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தோட்டம் என்று இருப்பவருக்கு என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

பி950-ஐ வாங்க வைப்பது 2000 மி.மீ. என்கிற எண். இந்த மி.மீ. கூடக் கூடத் தூரத்துப் பறவை படத்தில் பெரிதாகத் தெரியும். செலவும் மூன்றில் இதற்குத்தான் குறைவு. கரண்டுக் கம்பியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பனங்காடையைக் காலை இளவெயிலில் எடுத்தால் படம் நன்றாகவே வரும். ஆனால் நம் ஊரில் வெயில் ஏற ஏறத் தரைக்கு மேலே காற்று நெளிய ஆரம்பித்துவிடும். அப்போது அக்கரையில் நிற்கும் சாம்பல் நாரையின் இறகு ஓரமெல்லாம் கரைந்துதான் தெரியும். எத்தனை மடங்கு ஜூம் இருந்தாலும் நடுவில் இருக்கும் காற்றை அது சரிசெய்யாது. வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரும் சிறியது என்பதால், மர நிழலில் எடுத்தால் புள்ளி புள்ளியாகிவிடும். பறக்கிற பறவையை ஃபோகஸ் பிடிப்பதும் சிரமம்.

அப்படியானால் தூரத்தை எப்படிக் குறைப்பது? கிட்டே போக வேண்டியதுதான். கண்மாய்க் கரையில் பைக் போவதும் வருவதும் பறவைகளுக்குப் பழகிப்போன விஷயம். என்ஜினை அணைத்துவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் மீன்கொத்தியும் மடையான் கொக்கும் கொஞ்ச நேரத்தில் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். நடந்து போனால் ஆள்காட்டி கத்தும். அது கத்திவிட்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் நிற்காது. பைக்கில் உட்கார்ந்தபடி ஒரே கையால் தூக்க வேண்டுமென்றால் எடை முக்கியம். ஆர்50-உம் 100-400-உம் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ. சிக்மா லென்ஸ் மட்டுமே 1.93 கிலோ.

தோட்டத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. செம்பருத்திக்கு வரும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு சில சமயம் கைக்கெட்டும் தூரத்திலேயே வந்து தொங்கும். சிக்மாவுக்குக் குறைந்தது 2.8 மீட்டர் இடைவெளி வேண்டும். கேனான் லென்ஸ் 200 மி.மீ.யில் 88 செ.மீ. வரை ஃபோகஸ் செய்யும். ஆர்50 பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிப்பதால், இலைகளுக்குள் தாவும் தையல்சிட்டு கூடத் தப்பாது.

இதன் குறை வெளிச்சம். வெளிச்சம் நுழையும் லென்ஸின் துளை 400 மி.மீ.யில் எஃப்/8 என்கிற சிறிய அளவுக்குமேல் திறக்காது. மாமர நிழலில் தவிட்டுக்குருவிக் கூட்டத்தை 1/1000 நொடியில் உறைய வைக்க ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கும்; ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளிகள் கூடும். அதனால் பறவைகளுக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டை நிழலில் வைக்காதீர்கள். உயரமான மதில் சுவர் உள்ள வீடுகளில் கிழக்குச் சுவரின் நிழல் நெடுநேரம் கிடக்கும், தோட்டத்தின் மேற்குப் பக்கம்தான் வெயில் முதலில் விழும். தட்டு அங்கே இருக்கட்டும். நண்பகலில் தண்ணீர் சுட்டுவிடும், அப்போது மட்டும் நிழலுக்கு நகர்த்திவிடலாம்.

சரி, சிக்மாவின் 600 எங்கே ஜெயிக்கும்? வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில், தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே போய், படத்துக்காகக் கரையை விட்டு இறங்குவது நியாயமே இல்லை. தூரத்தில் நின்றே எடுக்கத்தான் வேண்டும், அதற்கு அந்தக் கனம் தகும். வருடத்துக்கு ஓரிரு முறை போகிற இடம் என்றால் நண்பரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். கேனானின் பழைய இஎஃப் மவுன்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்) வரும் சிக்மா லென்ஸ், இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் போட்டால் ஆர்50-இலேயே வேலை செய்யும்.